இரண்டு கதிர்வீச்சு என்றால் இரட்டைக் கரண்ட் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

34 ஆண்டுகள் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நான். “உங்கள் பிஎஸ்ஏ ஏறிவிட்டது” என்று மருத்துவர் சொன்னபோது, ஓய்வுபெற்ற பிறகும் வேலையிடம் என்னை விடவில்லையே என்று நினைத்தேன். என் வாழ்நாள் முழுவதும் பிஎஸ்ஏ என்றால் துறைமுகத்தை நடத்தும் நிறுவனம்தான். புரோஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதத்துக்கும் அதே பெயர் என்பது 66 வயதில்தான் தெரிந்தது.

பரவிய புரோஸ்டேட் புற்றுநோய்க்கு இரண்டு கதிர்வீச்சுகளைச் சேர்த்துக் கொடுக்கும் செய்தி தேக்கா உணவங்காடியில் எங்கள் மேசைக்கும் வந்துவிட்டது. நம்மவர்கள் கதிர்வீச்சைக் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். அதனால் “இனி உனக்கு டபுள் கரண்ட்” என்று நண்பர் ஒருவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

அப்படியல்ல. எனக்கு இடுப்பெலும்பில் புற்றுநோய் பரவிய இரண்டு புள்ளிகள் இருந்தன. வெளியிலிருந்து குறிவைத்துக் கதிர் பாய்ச்சினார்கள். அந்த இரண்டும் அடங்கின. ஒன்றரை ஆண்டில் வேறிடத்தில் புதிதாக ஒன்று முளைத்தது. கிரேன் அறையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற கொள்கலனைத் தூக்கலாம். கப்பலின் அடித்தளத்தில் ஓடுகிற எலியைத் தூக்க முடியுமா? அப்படி ஒளிந்திருக்கும் புற்றணு என்ற எலிக்குத்தான் லுட்டீஷியம்-177 என்ற கதிரியக்கப் பொருள் கொண்ட ஊசி. இரத்தத்தில் சென்று, புற்றணுக்களின் மேலிருக்கும் பிஎஸ்எம்ஏ என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டு, பக்கத்திலிருந்தே கதிர் வீசுகிறது.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாக மருத்துவர்கள் 92 பேரிடம் இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதைச் சோதித்தார்கள். எல்லோருக்கும் பரவிய இடங்கள் ஐந்தோ அதற்குக் குறைவோதான். பாதிப் பேருக்கு வெளிக்கதிர் மட்டும். மற்றவர்களுக்கு அதற்கு முன் இரண்டு ஊசிகள். நோய் மீண்டும் தலைகாட்டாத காலம் ஏழு மாதத்துக்குச் சற்று மேல் என்பதிலிருந்து பதினேழு மாதத்துக்கு மேல் நீண்டது. என்னைப் போன்றவனுக்குப் பத்து மாதம் சிறிய தொகையல்ல. ஆனால் இது இரண்டாம் கட்டச் சோதனை, அதாவது சிலரிடம் மட்டும் பார்த்த சிறிய சோதனை. ஊசி போட்டுக்கொண்டவர்களிலும் பலருக்கு நோய் திரும்பவே செய்தது. உடல் முழுவதும் பரவிவிட்டவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இதை நான் ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிப் படித்தேன். என் வயதுக்காரர்கள் பலர் மகனோ மருமகளோ சொல்வதைத்தான் நம்பியிருக்கிறார்கள். பிள்ளைகள் பாசத்தில் பாதியை விழுங்கிவிடுகிறார்கள். ‘எத்தனை புள்ளிகள், பிஎஸ்எம்ஏ ஸ்கேனில் ஒளிர்கின்றனவா, ஊசிக்குப் பின் பேரப்பிள்ளைகளிடமிருந்து எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும், வாய் எவ்வளவு உலரும்’ என்று மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைத் தமிழில் ஒரு அரைப் பக்கம் வெளியிடுங்கள். வெட்டி எடுத்துச் செல்ல எங்கள் மேசையிலேயே நான்கு பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிரேன் ஓட்டுநர்,
ஈசூன்