நாலு படை, ஒரு நகரம்

அன்பு மகளுக்கு,

வியன்னாவில் ஷ்வார்ட்ஸென்பெர்க் சதுக்கத்துத் தூண் மேல் ரஷ்யச் சிப்பாய் ஏன் நிற்கிறான் என்று கேட்டாயே, அது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

1945 ஏப்ரலில் ஹிட்லரின் படையிடமிருந்து வியன்னாவைப் பிடித்தது சோவியத் செம்படை. அந்தச் சண்டையில் செத்த தன் ஆட்களுக்காக ஆகஸ்டிலேயே அதைக் கட்டிவிட்டது. மறு வருஷம் சதுக்கத்துக்கே ஸ்டாலின் பெயர். அதே படையினரால் ஊர்ப் பெண்கள் பட்ட கொடுமையும் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டையும் சேர்த்தே நினைத்துக்கொள்.

பிறகு அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸும் வந்து சேர, நாடு நாலு பங்கானது. வியன்னாவும் அப்படியே. நீ வேலைக்குப் போகிற நகர மையம், அதாவது முதல் வட்டம் மட்டும் நாலு பேருக்கும் பொது. மாதம் ஒரு நாடு பொறுப்பு. ரோந்து ஜீப்பில் நாலு நாட்டுச் சிப்பாய்களும் ஒன்றாக உட்கார்ந்து போவார்கள். 1948ல் மேற்கு பெர்லினுக்குப் போகும் ரோட்டையும் ரயிலையும் ரஷ்யர்கள் அடைத்து, மற்றவர்கள் விமானத்தில் நிலக்கரியும் மாவும் கொண்டுபோய் இறக்கிய நாட்களிலும் வியன்னாவில் அந்த ஜீப் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஜெர்மனி இரண்டானது, ஆஸ்திரியா ஏன் ஆகவில்லை? பல காரணம் சொல்வார்கள். நான் பெரிதாக நினைப்பது, ஆஸ்திரியாவை எப்படி மேற்பார்ப்பது என்று நாலு நாடும் 1946 ஜூன் 28 அன்று போட்ட ஒப்பந்தத்தில் இருந்த ஒரு விதியை. ஜெர்மனியை ஆள அதே நாலு நாடுகள் பெர்லினில் வைத்திருந்த கட்டுப்பாட்டுக் குழுவில் நாலு பேரும் சம்மதித்தால்தான் எதுவும் நடக்கும். 1948 மார்ச்சில் சோவியத் தளபதி சொகொலோவ்ஸ்கி எழுந்து போனார், குழு அத்தோடு படுத்துவிட்டது. வியன்னாவில் தலைகீழ். ஆஸ்திரிய நாடாளுமன்றம் போட்ட சாதாரணச் சட்டத்தை, 31 நாளுக்குள் நாலு பேரும் சேர்ந்து எதிர்த்தால்தான் நிறுத்த முடியும். அந்த நாலு பேர் எதில் ஒத்துப்போனார்கள்? அவர்களுக்குள் சண்டை முற்ற முற்ற, உள்ளூர் அரசுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. அதுவும் ரஷ்யப் பகுதிக்கும் சேர்த்து ஒரே அரசு, 1945 நவம்பர் தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுத்தது.

அதற்காகச் சுகமாக இருந்தார்கள் என்று எண்ணிவிடாதே. சிஸ்டர்ஸ்டோர்ஃப் எண்ணெய்க் கிணறுகளை 'ஜெர்மன் சொத்து' என்று சோவியத் எடுத்துக்கொண்டது. ரஷ்யப் பகுதிக்கும் அமெரிக்கப் பகுதிக்கும் எல்லையான என்ஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்ட, நாலு மொழியில் அச்சடித்த அடையாள அட்டையை நீட்ட வேண்டும், சொந்த நாட்டுக்குள்ளேயே! அந்தச் சோதனை 1953ல்தான் நின்றது.

அதே வருஷம் ஜூனில் ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் குரூபர் சுவிட்சர்லாந்தில் நேருவைச் சந்தித்து, நாட்டை விட்டுப் படைகள் போகச் சோவியத்திடம் பேச உதவி கேட்டார். மாஸ்கோவில் நம் தூதர் கே.பி.எஸ். மேனன் சோவியத் வெளியுறவு அமைச்சர் மோலோடோவிடம் பேசிப் பார்த்தார். அப்போது பலிக்கவில்லை. கடைசியில் 1955 மே 15 அன்று வியன்னாவின் பெல்வெடேர் அரண்மனையில் நாட்டை விடுதலையாக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. சும்மா இல்லை: 1 கோடி டன் எண்ணெய், 15 கோடி டாலருக்குச் சரக்கு, எல்லாம் சோவியத்துக்கு.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவே இல்லை. ஹிட்லரின் போரில் ஆஸ்திரியாவுக்கும் பொறுப்பு உண்டு என்ற வரியை, கையெழுத்துக்கு முந்தின நாள் ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். 1938ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு சேர்த்துக்கொண்டபோது வியன்னாவின் ஹெல்டன்பிளாட்ஸ் சதுக்கத்தில் அவனுக்குத் திரண்ட கூட்டம் வேறு எந்த ஊர்க் கூட்டம்? அன்று யூதர்களை முழங்காலில் வைத்துத் தெருவைத் தேய்க்கவிட்டு வேடிக்கை பார்த்ததும் அந்த ஊர்தான். நாடு விடுதலையானதில் எனக்குச் சந்தோஷம். அந்த வரி போனதில் இல்லை.

அக்டோபர் 26 உனக்கு லீவுதானே, எந்த ராணுவக் கூட்டணியிலும் சேர மாட்டோம் என்ற நடுநிலைச் சட்டம் 1955ல் நிறைவேறிய நாள் அது. உன்னோடு வேலை செய்கிறவர்கள் யார் வீட்டிலாவது தாத்தா பாட்டியின் அந்த நாலு மொழி அடையாள அட்டை இருக்கிறதா என்று விசாரி. இருந்தால் படம் எடுத்து அனுப்பு, முன்பக்கம் பின்பக்கம் இரண்டும்.

அன்புடன்,
அம்மா