பாப்பாவுக்கு: அலாஸ்காவுக்கு எடுத்துவைக்க வேண்டியவை

தூத்துக்குடி,
மே 9

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். "ஜூன்ல அலாஸ்கா கப்பல்ல போறேன்ப்பா, என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" என்று நீ அனுப்பியது வந்தது. பொங்கலுக்குப் பிறகு நீயாக அனுப்பிய முதல் மெசேஜ். அம்மா நாலு தரம் என் போனை வாங்கிப் படித்தாள். போனில் தட்டினால் பாதி விட்டுப்போகும் என்று காகிதத்தில் எழுதுகிறேன், தம்பி ஸ்கேன் எடுத்து அனுப்புவான்.

முதலில் பெயர். நீ அனுப்பிய புக்கிங் தாளில் உன் பெயருக்குப் பின்னால் என் பெயர் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் மாப்பிள்ளை பெயர் என்றுதான் எனக்கு ஞாபகம். நடுவில் மாற்றியிருந்தால் சரி. மாற்றவில்லை என்றால் இன்றைக்கே கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல். பாஸ்போர்ட், கிரீன் கார்டு, டிக்கெட் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள், பெட்டி மட்டும் கப்பலில் ஏறிப் போகும். எந்தப் பெயர் என்பது உன் இஷ்டம். நான் ஒன்றும் கேட்கவில்லை.

சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குகிறாய், நடுவில் எல்லாம் அமெரிக்கா என்று நினைத்துவிடாதே. கடைசியில் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கும், அது கனடா. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் வேறு நாட்டுத் துறைமுகம் ஒன்றையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே ஆளை ஏற்றிச் சுற்றிவரக் கூடாது என்று 1886-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அதனால்தான் அந்த நிறுத்தம். கிரீன் கார்டு இருந்தால் கனடா விசா வேண்டாம், ஆனால் காலாவதியாகாத இந்திய பாஸ்போர்ட்டும் கூடவே இருக்க வேண்டும். கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பாதே.

இனி துணி. ஹூஸ்டன் 35 டிகிரியில் நின்றுகொண்டு 12 டிகிரியை மனதால் கணக்குப் போட முடியாது. அலாஸ்காவின் ஜூனோவில் ஜூன் மாதம் பகலில் 16, 17 இருக்கும். குளிர் பெரிதில்லை. காற்றும் ஈரமும் சேரும்போதுதான் ஆளை ஆட்டும். காற்று 40 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் 10 டிகிரி உடம்புக்கு 6 டிகிரியாகத் தெரியும். திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகும் சின்னப் படகு ஓடும்போதே அந்தக் காற்று வந்துவிடும். அதனால் தடியாக ஒரே ஒரு கோட்டு வாங்காதே. கப்பலுக்குள் 22 டிகிரி, டெக்கில் 8, கரையில் வெயில் வந்தால் 20. ஒரு நாளில் பத்து தரம் கழற்றிப் போட வேண்டியிருக்கும். மூன்று அடுக்கு போதும்.

உடம்போடு ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் பனியன், 3. அதற்கு மேல் ஃப்ளீஸ், அதாவது மெத்தென்ற செயற்கைக் கம்பளிச் சட்டை, 2. எல்லாவற்றுக்கும் மேலே தலைமூடி வைத்த மழை ஜாக்கெட், 1. ஜாக்கெட்டை ஃப்ளீஸ் போட்டுக்கொண்டே போட்டுப்பார்த்து வாங்கு. கையைத் தூக்கினால் இடுப்பு தெரியக் கூடாது. "தண்ணீர் ஒட்டாது" என்று எழுதியிருப்பது வேறு, "தண்ணீர் புகாது" என்று எழுதியிருப்பது வேறு. உள்பக்கம் திருப்பித் தையல் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா பார். தையல் ஓட்டை வழியாகத்தான் முதலில் நனையும். வாங்கியதும் போட்டுக்கொண்டு ஷவருக்கடியில் 10 நிமிஷம் நில். தோள்பட்டை நனைந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

பருத்தி வேண்டாம். ஜீன்ஸ், டி-ஷர்ட், அம்மா அனுப்பிய காட்டன் நைட்டி எல்லாம் கேபினுக்குள் மட்டும். பருத்தி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், உடம்புச் சூட்டை உறிஞ்சும், சீக்கிரம் காயாது. இறகு அடைத்த ஜாக்கெட்டும் அப்படித்தான். நனைந்தால் இறகெல்லாம் கட்டிபிடித்துச் சூடு போய்விடும். உள்ளே செயற்கைப் பஞ்சு வைத்ததாகப் பார்த்து வாங்கு.

அங்கே கெட்சிகன் என்கிற ஊரில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம் ஊரில் 700-ஐத் தொட்டாலே நல்ல வருஷம் என்போம். அங்கே யாரும் குடையை நம்புவதில்லை, காற்று மடக்கிவிடும். ஊர்க்காரர்கள் எக்ஸ்ட்ராடஃப் என்கிற பழுப்பு ரப்பர் பூட்ஸ் போட்டுத்தான் கடைக்கே போவார்கள். ஒரு வாரத்துக்கு நீ அதை வாங்க வேண்டாம். தண்ணீர் புகாத நடைபயண ஷூ ஒரு ஜோடி, கப்பலுக்குள் போட ஒன்று. ஷூ புதுசென்றால் இப்போதே தினம் ஒரு மணி நேரம் போட்டு நடந்து பழக்கு. கொடைக்கானலில் உன் குதிகால் பட்ட பாடு தெரியும். கம்பளி சாக்ஸ் 4 ஜோடி. மழைக்கால்சட்டை, லேசானது, 1. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். மேலே காய்ந்தும் தொடை நனைந்தும் நாள் முழுக்கத் திரிவார்கள். காதை மூடும் குல்லா 1. கையுறை இரண்டு ஜோடி, ஒன்று போன் தொட மெல்லியது, மற்றது அதற்கு மேல் போடத் தண்ணீர் புகாதது.

எண்ணிக்கையெல்லாம் ஒருவருக்கு எழுதியிருக்கிறேன். இருவர் என்றால் இரட்டித்துக்கொள்.

குளிரை உண்மையாகப் பார்க்கப் போவது கிளேசியர் பே என்கிற விரிகுடாவுக்குள் போகும் அன்றைக்குத்தான். அங்கே கரையில் இறக்க மாட்டார்கள், பகல் முழுக்க டெக்கில் நின்று பார்ப்பதுதான். 1794-ல் பிரிட்டிஷ் கடற்படைக் கேப்டன் வான்கூவரின் ஆட்கள் அளந்தபோது அந்த விரிகுடாவை ஏறக்குறைய முழுவதும் பனிப்பாறை அடைத்திருந்தது. இன்றைக்குக் கப்பல் சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே போகும். பனிப்பாறை பக்கம் வரவர, குளிர்ந்த காற்று அதன் மேலிருந்து சரிந்து வரும். இருக்கிற எல்லா அடுக்கையும் அன்றைக்குப் போட்டுக்கொள். முதல் பனிக்கட்டி உடைந்து விழுவதைப் பார்த்ததும் உள்ளே ஓடிவிடாதே. இடி மாதிரிச் சத்தம் அப்புறம்தான் வந்து சேரும், நின்று கேள். பைனாகுலர் 8x42 போதும், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். 12 மடங்கு வாங்கினால் கப்பல் அதிர்வில் படம் ஆடும். கேமராவைக் கேபினுக்குள் கொண்டுபோகும் முன், டெக்கிலேயே ஜிப் போட்ட பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடு. உள்ளே போய் அரை மணி கழித்துத் திற. இல்லையென்றால் லென்ஸ் வியர்த்துவிடும். போனை உள்பையில் உடம்போடு வை, குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். பனி வெயிலைத் திருப்பி அடிக்கும், கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் வேண்டும். ஜூனில் சூரியன் மறைய ராத்திரி பத்தாகும். தூங்கக் கண்ணைக் கட்டும் துணி ஒன்று வைத்துக்கொள். நீ இப்போதெல்லாம் சரியாகத் தூங்குவதில்லை என்று தம்பி சொன்னான்.

மின்சாரம் என் வேலை, அதனால் இதைக் கொஞ்சம் கவனி. சர்ஜ் புரொடெக்டர் (மின்னழுத்தம் திடீரென்று எகிறினால் காக்கும் பாகம்) உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி எடுத்துப்போகாதே. ஏறும்போது ஸ்கேனில் பார்த்துப் பறித்துக்கொள்வார்கள், பறிப்பதும் நியாயம்தான். வீட்டில் ஒரு கம்பியில்தான் மின்சாரம், மற்றது நியூட்ரல். கப்பலில் பெரும்பாலும் நியூட்ரலை இரும்பு உடலோடு இணைப்பதில்லை, சாக்கெட்டின் இரண்டு துளையிலும் மின்னழுத்தம் இருக்கும். வீட்டுக்குச் செய்த சர்ஜ் பெட்டி ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும். மற்றதில் மின்சாரம் நிற்கும், உள்ளிருக்கும் பாகம் சூடேறிப் புகையும். கப்பலில் தீக்குத்தான் பயப்பட வேண்டும், தண்ணீருக்குக்கூட அப்புறம்தான். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், தண்ணீர் சுடவைக்கும் காயில் எல்லாம் அதே காரணத்தால் கூடாது. நாலு துளை உள்ள யுஎஸ்பி சார்ஜர் ஒன்று போதும்.

கேபின் சுவர் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி 6 வாங்கிக்கொள், நனைந்த ஜாக்கெட்டை மாட்ட அதைவிட நல்ல வழி கிடையாது. குளியலறையில் இழுத்துக் கட்டும் கொடி பெரும்பாலும் இருக்கும். பனியனை ராத்திரி துவைத்துப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். அதனால் மூன்றே போதும் என்கிறேன். ஷூ நனைந்தால் உள்ளே காகிதம் திணித்து இரண்டு மணிக்கு ஒரு தரம் மாற்று. ஹேர் டிரையர் வைத்துச் சூடுகாட்டாதே, ஒட்டுப் பிரிந்துவிடும்.

அதிகமாகத் தூக்காதே. ஸ்காக்வேயில் இறங்கும்போது ஞாபகம் வை: 1898-ல் தங்கம் தேடி அந்த வழியாகக் கிளம்பியவர்களிடம் ஒரு வருஷத்துச் சாமான் இருந்தால்தான் கனடா போலீஸ் எல்லைக்குள் விட்டது. ஆளுக்கு ஏறக்குறைய 1 டன். கணவாய் மேல் சுமந்து வைத்துவிட்டு இறங்கி, மறுபடி சுமந்து, முப்பது நாற்பது நடை. தனி ஆளாகப் போனவன் எல்லாவற்றையும் தானே சுமந்தான். உனக்கு ஒரு நடுத்தரப் பெட்டியும் முதுகுப்பையும் மட்டும். காலிப் பெட்டி கட்டிலுக்கடியில் போய்விடும். அங்கே மலை ரயிலில் போவதானால் அது 873 மீட்டர் வரை ஏறும், எல்லையையும் தொடும். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் பெயர் சரியா என்று மறுபடி பார்.

வாந்திக்கு மெக்லிசின் 25 மில்லிகிராம், மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கும். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாய் என்றால் டாக்டரிடம் கேட்டுக்கொள். தலை சுற்றிய பிறகு போட்டால் பிரயோஜனமில்லை, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும். தீவுகளுக்கு நடுவே ஓடும்போது கப்பல் அசையாது. சியாட்டிலிலிருந்து கிளம்பி வான்கூவர் தீவுக்கு வெளியே திறந்த கடலில் போகும் முதல் ராத்திரியும் மறுநாளும்தான் ஆட்டம். அம்மா பருப்புப்பொடி அனுப்பட்டுமா என்கிறாள். வீட்டில் அரைத்ததை ஏற்ற விடுவது சந்தேகம், கடைப் பாக்கெட், பிரிக்காதது என்றால் கொண்டுபோகலாம். பழம் எதையும் கரைக்கு எடுத்துப்போகாதே.

பாப்பா, கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒருநாள் சாயந்திரம் திண்ணையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். ஏதோ சொல்ல வந்தாய் என்பது எனக்குத் தெரிந்தது. நான் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த கதையைப் பேச ஆரம்பித்தேன். நீ கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாய். எனக்குப் புரியாமல் நான் பேசவில்லை. கேட்டுவிட்டால் ஏதாவது செய்ய வேண்டி வருமே என்று பயந்து பேசினேன். இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. கப்பலில் அந்த அறைக்கு இரண்டு பேருக்கான காசு வாங்கியிருப்பார்கள், ஒருவர் போனாலும் பெரும்பாலும் அப்படித்தான். காசு பரவாயில்லை. ஜன்னல் வைத்த அறைதானே?

ஏறும் நாளில் பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிவிடுவார்கள், கேபினுக்கு வர சாயந்திரமாகும். பாஸ்போர்ட், மாத்திரை, சார்ஜர், மழை ஜாக்கெட் எல்லாம் முதுகுப்பையில் இருக்கட்டும். ஒரு நாள் முன்பே சியாட்டில் போய்விடு. விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. கடைசி ராத்திரி பெட்டியைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போடும் துணியும் ஷூவும் பாஸ்போர்ட்டும் அதற்குள் போய்விட்டால் காலையில் நைட் டிரஸ்ஸோடு இறங்க வேண்டியதுதான். வைக்கும் முன் ஒரு தரம் திறந்து பார். பருத்தி வேண்டாம் என்று சொன்னேனே, அதை மறக்காதே.

இன்னொன்று. ஆன்லைனில் செக்-இன் செய்யும்போது, அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு கட்டம் வரும். கப்பலில் கூட வராத ஆளாக இருக்க வேண்டும். என் பெயரைப் போடு. நம்பருக்கு முன்னால் 91 விட்டுவிடாதே. அங்கே பகல் என்றால் இங்கே ராத்திரி, பரவாயில்லை, போன் தலைமாட்டில்தான் இருக்கும்.

அன்புடன்,
அப்பா