உமிழ்நீரில் தேடப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஆய்வுத் திட்டத்தைப் படித்தேன். உமிழ்நீரிலுள்ள இன்டர்லூக்கின்-8 என்னும் புரதத்தை அளந்து, கத்தி படாமலே வாய்ப் புற்றுநோயைக் கண்டறிய முடியுமா என்று கேட்கிறாய்; நல்ல கேள்விதான். ஆனால், ஒப்பீட்டுக்கு உன் கல்லூரி மாணவர்களையே சேர்க்கப் போவதாக எழுதியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அழற்சி இருக்கும் இடத்திலெல்லாம் அந்தப் புரதம் கூடும்; ஈறு வீங்கிச் சீழ் வடிபவரின் எச்சிலிலும் கூடும். பல்லாண்டுகள் புகையிலை மென்று, ஈறு கெட்டுப்போய் வரும் ஐம்பது வயதுக்காரரையும் பல் சுத்தமான இருபது வயது மாணவனையும் அருகருகே வைத்தால், நீ அளக்கும் புரதம் பிரித்துக் காட்டியது புற்றுநோயையா, ஈறு நோயையா, வெறும் வயதையா என்று உன்னாலேயே சொல்ல முடியாது. அதே வயதும் அதே பழக்கமும் அதே ஈறு நிலையும் கொண்ட, புற்றுநோய் மட்டும் இல்லாதவர்களைத் தேடிச் சேர். எண்களின் அழகு குறையும், குறையட்டும்.

ஹாங்காங்கில் டென்னிஸ் லோ குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வை நிதானமாகப் படி. 40 முதல் 62 வயது வரையிலான, அறிகுறி ஏதுமற்ற 20,174 சீன ஆண்களின் பிளாஸ்மாவில், அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியில், மூக்குத்தொண்டைப் புற்றுநோயோடு தொடர்புள்ள எப்ஸ்டைன்-பார் வைரஸின் டிஎன்ஏவைத் தேடினார்கள். அது 1,112 பேரிடம் தென்பட்டது. உடனே அவர்களைக் கலவரப்படுத்தாமல், சுமார் நான்கு வாரம் கழித்து மறுபடியும் இரத்தம் எடுத்தபோது 309 பேரிடம் மட்டுமே அது நீடித்தது. அதன் பிறகே உள்நோக்கியும் எம்ஆர்ஐயும்; 34 பேருக்கு மூக்குத்தொண்டைப் புற்றுநோய் உறுதியானது, பத்தில் ஏழு பேருக்கு முதல் இரண்டு கட்டங்களிலேயே. முதல் சோதனையோடு நின்றிருந்தால், அச்சுறுத்திய ஒவ்வொரு நூறு பேரிலும் மூவரைத்தான் கண்டிருப்பார்கள். மறுசோதனையால் அது நூற்றுக்குப் பதினொன்றாயிற்று.

அங்கே அது பலித்ததற்குக் காரணம், அந்நோய் தென்சீன மக்களிடம் மிகுதி என்பதும், அது மூக்கின் பின்னே மறைந்து வளர்வதும், வைரஸின் டிஎன்ஏ நம் உடலுக்கு அயலானது என்பதும்தான். வாய் அப்படியன்று, டார்ச் அடித்தால் தெரிகிற இடம். திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வெறும் கண்ணால் வாயைப் பார்த்தே, புகையிலையோ மதுவோ பழக்கமானவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணத்தை 34 சதவீதம் குறைத்ததாக 2005இல் முடிவு வந்தது. இவ்வளவு மலிவான முறையோடு போட்டியிடுவது வீண் என்பது என் எண்ணம்.

கண்ணால் முடியாதது ஒன்று உண்டு. வாயில் வெள்ளைப் படலம் உள்ள பலருள் யாருக்கு அது புற்றாக மாறும் என்பதைப் பார்த்துச் சொல்ல இயலாது. உன் கேள்வியை அங்கே திருப்பு. திசுவை வெட்டியெடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி தேவைப்படாது என்று மட்டும் எழுதிவிடாதே. யாருக்கு அதை முதலில் செய்வது என்று சொன்னாலே உன் சோதனை பயன்பட்டுவிடும்.

உமிழ்நீரை எல்லோரிடமும் ஒரே வேளையில், உண்பதற்கு முன் எடுத்து, உடனே பனிக்கட்டியில் வை. ஒப்பீட்டுக் குழுவைத் திருத்தி உன் வழிகாட்டியிடம் காட்டிய பின் எனக்கும் ஒரு படி அனுப்பு.

அன்புடன்,
அம்மா