இலைக்குச் சங்கம் வைத்தவர்கள் நிரலுக்கும் வைக்க வேண்டும்

கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் கூட்டமைப்பான இன்ட்கோசர்வ் நிர்வாகத்தினருக்கும், நீலகிரியின் 16 கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இயக்குநர்களுக்கும், அங்கத்தினர்களுக்கும்,

வணக்கம். நான் கோத்தகிரிப் பக்கத்துச் சிறு விவசாயி வீட்டுப் பிள்ளை. பிழைப்பு கணினி நிரல் எழுதுவது. நம் தொழிற்சாலைகள் ஒன்றுசேர்ந்து, கட்டற்ற மென்பொருளை உருவாக்கிப் பராமரிக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்க வேண்டும் என்று கேட்டே இதை எழுதுகிறேன்.

இலை எடை, முன்பணப் பிடித்தம், உரக் கடன், ஏலத்துக்குப் போன தூள் என்று எல்லாம் கணினிக்குள் போய்க்கொண்டிருக்கும் காலம் இது. மென்பொருளின் மூல நிரல் அதை விற்றவர் கையிலேயே இருந்தால், பிடித்தக் கணக்கில் ஒரு வரியை மாற்றவும் அவர்தான் மனம் வைக்க வேண்டும். ஒரு தொழிற்சாலை காசு கொடுத்துச் செய்த திருத்தத்தை அடுத்த தொழிற்சாலையும் காசு கொடுத்தே வாங்க வேண்டும். கட்டற்ற மென்பொருளில் அந்தச் சிக்கல் இல்லை: யாரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம்.

ஆனால் அதை எழுதுகிறவர் சாப்பிட வேண்டுமே. உலகின் பெரும்பாலான பாதுகாப்பான இணையதளங்கள் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கட்டற்ற மென்பொருளில் 2014இல் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளிப்பட்டது. அப்போதுதான் தெரிந்தது, அதற்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். 2024இல் ‘எக்ஸ்இசட்’ என்ற சிறு மென்பொருளில் நடந்தது இன்னும் கொடுமை. தனியாளாகப் பராமரித்துக் களைத்துப்போனவருக்கு உதவ வந்ததாகக் காட்டிக்கொண்டவரே உள்ளே ரகசியக் கதவு வைத்தார். உலகமே சாய்ந்து நிற்கும் வேலையை நன்கொடையை நம்பி நடத்த முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கூட்டுறவில் இது நடக்குமா என்றால், நடந்துகொண்டிருக்கிறது. ஸ்பெயினின் கலீசியாவில் 2001இல் தொடங்கிய இகாலியா, அதில் வேலை செய்பவர்களுக்கே சொந்தம். குரோமியம் என்ற இணைய உலாவியிலும், உலாவிகளை இயக்கும் வெப்கிட் என்ற பொறியிலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் வடகரையில் 1925இல் 14 தொழிலாளர்கள் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் சாலை போட்டது, பாலம் கட்டியது. இன்று கோழிக்கோட்டில் ஒரு தகவல் தொழில்நுட்பப் பூங்காவையே நடத்துகிறது.

நம் சங்கத்தில் நிரலாளர்களும் பங்குதாரர், தொழிற்சாலைகளும் பங்குதாரர். நிரலாளர்கள் மட்டும் இருந்தால் அதிகப் பணம் தரும் வெளிவேலைக்கே கை போகும். தொழிற்சாலைகள் மட்டும் இருந்தால் நிரலாளர் தினக்கூலி ஆகிவிடுவார், நல்லவர் நிற்கமாட்டார். இரு தரப்புக்கும் பொதுக்குழுவில் ஓட்டு இருக்க வேண்டும்.

பணம்? ஆண்டுக்கு 40 லட்சம் கிலோ இலை வாங்கும் தொழிற்சாலை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 3 பைசா என்றால் 1,20,000 ரூபாய். பதினாறுக்கும் சேர்த்து 19,20,000. இரண்டு மூன்று பேருக்கு இந்த மலையிலேயே கௌரவமான சம்பளம் கொடுக்கலாம். இதை இலை விலையில் கைவைத்து எடுக்கக் கூடாது. பச்சை இலை விலை விழும் மாதங்களில் ஒரு குடும்பம் படும் பாடு எனக்குத் தெரியும். மென்பொருளுக்கும் அதன் பராமரிப்புக்கும் ஒதுக்கும் தொகையிலிருந்தே எடுக்க வேண்டும்.

“பங்கு போடாத தனியார் தொழிற்சாலையும் எடுத்துக்கொள்ளுமே, நாம் ஏன் செலவழிக்க வேண்டும்?” என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் எழுந்து கேட்பார். நியாயமான கேள்விதான். எடுத்துக்கொள்ளட்டும், அதனால் நம்மிடம் இருப்பது குறையாது. அவர்கள் ஒரு பிழையைத் திருத்தி வெளியிட்டால் அது நமக்கும் கிடைக்கும். ஆனால் அடுத்து எந்த வேலையைச் செய்வது, இலை குவியும் மாதத்தில் எடை ஏறாமல் நின்றுபோனால் யார் அழைப்புக்கு முதலில் ஓடிவருவது என்பதையெல்லாம் அங்கத்தினர்கள் தீர்மானிப்பார்கள். பங்குத்தொகை வாங்கித் தருவது அந்த உரிமையை. எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. 1965இல் இன்ட்கோசர்வ் கூட்டமைப்பை அமைத்தபோது நம் பெரியவர்கள் தேடியதும் தங்கள் இலையின் மீது தங்களுக்கே ஒரு பிடிதான்.

சங்கம் ஒரு அரசுத் துறையின் கிளைபோல ஆகிவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதிகாரி மாறும்போதெல்லாம் திட்டமும் மாறினால் நிரல் பாதியில் கிடக்கும்.

எனவே, அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வையுங்கள். இலைக் கணக்கு மென்பொருளை மட்டும் முதலில் இரண்டு தொழிற்சாலைகளில் செய்து பார்ப்போம். தமிழில், கட்டற்ற மென்பொருளுக்கான குனூ பொது உரிமத்தில் வெளியிடுவோம். அழைத்தால் எந்தத் தொழிற்சாலைக்கும் வந்து விளக்கத் தயார். நிரலாளர் தரப்பில் முதல் பங்குத்தொகையை நான் கட்டுகிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு நிரலாளர்