நாள்தோறும் எழுத்துப் பாடவேளை வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்
தொடக்கப் பள்ளி மாணவர்களின் பெற்றோர்

பெறுநர்
வட்டாரக் கல்வி அலுவலர் அவர்கள்,
வட்டாரக் கல்வி அலுவலகம்.

பொருள்: ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளில் நிறுத்தப்பட்ட அன்றாட எழுத்துப் பாடவேளையை மீண்டும் தொடங்குதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் முன்னர் எங்களால் அளிக்கப்பட்ட மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் ஆய்வுக்கு வந்து சென்ற பள்ளி என்பதால் அதன் வகுப்பறைகளைப் பற்றியோ, ஆசிரியர்களின் வேலைப் பளுவைப் பற்றியோ நாங்கள் விளக்க வேண்டியதில்லை. பார்வையில் கண்ட மனுக்களுக்கு இதுவரை பதில் வராத நிலையில், எங்கள் கோரிக்கையை மீண்டும் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருகிறோம்.

1. முன்பு காலை முதல் பாடவேளையில் அரை மணி நேரம் எழுத்துக்கென்றே இருந்தது. ஆசிரியர் பத்து நிமிடம் ஒரே ஒரு செய்தியைக் கற்றுக்கொடுப்பார். அடுத்த பதினைந்து நிமிடம் குழந்தைகள் தாமாக எழுதுவார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் ஓரிருவர் எழுதியதை வாசிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். பாடத்திட்டத்தை முடிக்க நேரம் போதவில்லை என்று அது நிறுத்தப்பட்டது.

2. அந்தப் பத்து நிமிடத்தில் நடந்தது சிறிய வேலை அன்று. ஒரு நாள் வாக்கியம் எங்கே முடிகிறது என்பது மட்டும். மறுநாள், வரிக்கு வரி வரும் 'அப்புறம்' என்ற சொல்லை எங்கெல்லாம் எடுத்துவிடலாம் என்பது. இன்னொரு நாள், 'நாய் பெரியது' என்பதோடு நிறுத்தாமல் அந்த நாய் என்ன செய்தது என்று எழுதுவது. ஆசிரியரே கரும்பலகையில் ஒரு வரி எழுதி, வாய்விட்டு யோசித்து, அடித்து, மாற்றி எழுதிக் காட்டுவார். பெரியவர்களும் அடித்துத் திருத்தித்தான் எழுதுகிறார்கள் என்று கண்ணால் கண்ட குழந்தைக்குப் பிழையைப் பற்றிய அச்சம் குறைந்தது. பிறகு அவர் வரிசை வரிசையாகச் சென்று இரண்டு மூன்று பேரின் அருகில் அமர்ந்து, "இதில் என்ன சொல்ல வருகிறாய்?" என்று கேட்பார்.

3. இப்போது நடப்பதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. வாரம் ஒரு முறை கரும்பலகையில் கட்டுரை எழுதப்படுகிறது; குழந்தைகள் அதைப் பார்த்து எழுதுகிறார்கள். ஏடுகளைத் திறந்து பாருங்கள், ஐயா. அழகான கையெழுத்து, ஒரே தலைப்பு, ஒரே வரிகள். கரும்பலகையில் ஓர் ஒற்று விடுபட்டால் எல்லா ஏடுகளிலும் அதே ஒற்று விடுபட்டிருக்கிறது. அதற்கும் சிவப்பு மையில் சரி என்ற குறி விழுந்திருக்கிறது. நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு குழந்தையிடம் பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னபோது, அது பென்சிலை எடுத்துக்கொண்டு, "எதைப் பார்த்து எழுதணும்?" என்று கேட்டது. அந்தக் குழந்தைக்குப் பாட்டியிடம் சொல்ல ஆயிரம் செய்தி இருக்கிறது. தொலைபேசியில் மூச்சு விடாமல் பேசுகிறது. தாளைக் கண்டதும் கை நின்றுவிடுகிறது. இரண்டாம் வகுப்பில், தான் பார்த்த மழையைப் பற்றித் தானே ஒரு பக்கம் எழுதிய அதே குழந்தைதான் இது! கற்ற ஒன்றை எங்கள் கண்ணெதிரே இழந்துகொண்டிருக்கிறது. இதைத் திறமைக் குறைவு என்று யாராவது சொன்னால் நாங்கள் ஏற்கமாட்டோம்.

4. வாரத்திற்கு ஒரு நீண்ட பாடவேளை போதாதா என்று கேட்கப்படலாம். போதாது. இன்று பாதியில் விட்ட கதையை நாளைக் காலையில் தொடரலாம் என்று தெரிந்த குழந்தை அதை மனத்தில் வைத்திருக்கும். ஏழு நாள் கழித்து என்றால் மறந்துவிடும். அதோடு, எழுத்தின் வடிவத்தையும், ர–ற, ல–ழ–ள வேறுபாட்டையும் நினைவுபடுத்திக்கொள்வதிலேயே சிறு குழந்தையின் கவனம் முழுதும் செலவாகிவிடுகிறது. அது கைப்பழக்கமாக மாறினால்தான் கருத்தை யோசிக்க மனத்தில் இடம் கிடைக்கும், அந்தப் பழக்கம் அன்றாடம் எழுதினாலன்றி வராது.

5. அமெரிக்கக் கல்வித் துறையின் கல்வி அறிவியல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டி, மழலையர் வகுப்பில் நாளுக்கு 30 நிமிடமும், முதல் வகுப்பிலிருந்து ஒரு மணி நேரமும் எழுத்துக்கு ஒதுக்கப் பரிந்துரைத்தது. நாங்கள் கேட்பது அந்த ஒரு மணி நேரத்தில் பாதிதான்.

6. புதிய கட்டடம் கேட்டோமா? நிதி கேட்டோமா? இருக்கும் ஆசிரியர், இருக்கும் கரும்பலகை, இருக்கும் ஏடு. அரை மணி நேரத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டதற்கு, 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒற்றை வரிகூட வரவில்லையே, ஐயா! கோப்பு காத்திருக்கலாம், மூன்றாம் வகுப்புக் குழந்தை காத்திருக்க முடியாது. அடுத்த ஆண்டு அது நான்காம் வகுப்பில் இருக்கும்.

எனவே, காலை முதல் பாடவேளையில் அரை மணி நேரத்தை எழுத்துக்கென ஒதுக்கி, பதிவேடு நிரப்புதல், தேர்வு நடத்துதல் போன்ற வேறெந்தப் பணிக்கும் அதை எடுக்கக் கூடாது என எழுத்துப்பூர்வமாக ஆணையிடுமாறும், கட்டுரை ஏட்டில் பார்த்து எழுதிய பக்கங்களைக் கணக்கிடாமல் குழந்தை தானாக எழுதியதையே ஆய்வின்போது பார்க்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம். ஆணையிடும் முன் நேரில் காண விரும்பினால், ஏதேனும் ஒரு வகுப்பில் வெள்ளைத்தாள் கொடுத்து, நேற்று நடந்ததை நான்கு வரி எழுதச் சொல்லிப் பாருங்கள். அந்த அரை மணி நேரத்தை எங்கள் குழந்தைகளுக்குத் திருப்பித் தருமாறு மீண்டும் வேண்டுகிறோம். இம்மனுவுக்காவது பதில் தாருங்கள், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)