போனை வைத்தது தப்புதான்

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். என் முதுகுவலி அப்படியேதான். உன் சர்க்கரை எவ்வளவு என்று எழுது. பொய் எழுதாதே, உன் மனைவி எனக்குத் தனியாகச் சொல்லிவிடுவாள்.

நாலு மாதம் பேசாமல் இருந்ததற்குக் காரணம் உனக்கே தெரியும். "இந்த ஓட்டெல்லாம் வேலைக்கு ஆகாதுடா, சாட்டையோடு ஒருத்தன் வந்தால் ஒரே மாதத்தில் எல்லாம் சரியாகும்" என்றாய். உன்னை முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். எதிராளியின் வாயை அடைத்துவிட்டு ஜனநாயகத்துக்கு வக்காலத்து வாங்கியவன் நான் ஒருத்தன்தானாம். நெட்டையன் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. போன மாதம் ஆபீசில் என் மானம் போயிற்று. என் பிரிவில் சரக்குப் பதிவேடு மாதாமாதம் "சரி" என்றே வந்துகொண்டிருந்தது, நானும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆடிட் வந்தபோது பார்த்தால், மூன்றில் ஒரு பங்கு சரக்கு காகிதத்தில் மட்டும்தான் இருந்தது. புதிதாகச் சேர்ந்த பையனுக்கு எட்டு மாதமாகவே விஷயம் தெரியுமாம். "ஏன்டா சொல்லவில்லை?" என்றேன். "சொன்னால் கத்துவீங்க சார்" என்றான். உன்னோடு போட்ட சண்டையில் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது அன்றைக்கு ராத்திரிதான் எனக்குப் பிடிபட்டது.

அன்று உரிமை, அரசியல் சட்டம் என்று முழங்கினேன் இல்லையா? அதெல்லாம் சோவியத் சர்வாதிகாரி ஸ்டாலினிடமும் இருந்தது. அவருடைய 1936 அரசியல் சட்டத்தில் பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, கூட்டம் கூடும் உரிமை எல்லாம் எழுதியே இருந்தன. அடுத்த ஜனவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுத்தார்கள். 16 கோடியே 20 லட்சம் என்று வந்தது. எதிர்பார்த்ததைவிடப் பல லட்சம் தலைகள் குறைவு. சில வருஷத்துக்கு முந்தைய பஞ்சத்தில் செத்தவர்களை எங்கிருந்து கொண்டுவந்து எண்ணுவது? கணக்கெடுப்பையே ரத்து செய்தார்கள். அதை நடத்திய அதிகாரிகளைக் கைது செய்து, சிலரைச் சுட்டும் கொன்றார்கள். 1939-இல் மறுபடி எண்ணப் போனவன் எப்படி எண்ணியிருப்பான், சொல்லு. என் சரக்குப் பதிவேடுதான்டா அது, கொஞ்சம் பெரிய அளவில்.

தேர்தலும் சுதந்திரமான பத்திரிகையும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் வந்ததில்லை என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் சொல்வாரே, அதற்கு இப்போதுதான் எனக்கு அர்த்தம் புரிகிறது. அங்கே ஆள்பவன் மகாத்மாவாக இருக்க வேண்டியதில்லை. நாளைக்குப் பேப்பரில் வந்துவிடும், எதிர்க்கட்சிக்காரன் கூச்சல் போடுவான், ஓட்டுப் போய்விடும் என்ற கவலை அவனைத் தூங்கவிடாது. மற்ற இடத்தில் அந்தக் கவலை முழுக்கக் கீழே இருப்பவனுக்கு.

2002-இல் ஈராக்கில் சதாம் உசேன் நடத்திய வாக்கெடுப்பில் 100 சதவீதம் பேரும் ஓட்டுப் போட்டார்களாம், 100 சதவீதமும் அவருக்கே விழுந்ததாம். நாட்டில் அன்றைக்கு ஒருத்தன்கூடக் காய்ச்சலில் படுக்கவில்லை. நீ வகுப்புத் தலைவனாக ஜெயித்தபோதுகூட இவ்வளவு சுத்தமாக விழவில்லையே!

எமர்ஜென்சியில் ரயில் நேரத்துக்கு வந்தது என்று ஆரம்பிப்பாய், தெரியும். வந்திருக்கலாம். தணிக்கை இருந்த காலம், வராமல் போயிருந்தால் எந்தப் பத்திரிகை எழுதியிருக்கும்? ஆனால் 1977-இல் இந்திரா தேர்தல் வைத்தார், ரேபரேலியில் தானே தோற்றார், இறங்கிப் போனார். 1980-இல் அதே ஜனங்கள் அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இந்தப் போக்குவரத்தை எந்தச் சாட்டைக்காரனிடமாவது பார்த்திருக்கிறாயா?

ஜனநாயகத்தில் அரசாங்கம் பொய்யே சொல்லாது என்று நான் சொல்ல வரவில்லை. வியட்நாம் போரைப் பற்றி அமெரிக்க அரசு வருஷக்கணக்காக மறைத்தது. 1971-இல் ரகசியக் காகிதங்கள் நியூயார்க் டைம்ஸில் வந்தன. நிறுத்தச் சொல்லி அரசாங்கமே கோர்ட்டுக்குப் போய், உச்ச நீதிமன்றத்தில் 6-க்கு 3 என்று தோற்றது.

ஒரு விஷயத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை, அது என்னை அரிக்கிறது. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் ஜெர்மனியின் சான்சலர், அதாவது அரசாங்கத் தலைவர், ஆனது சட்டப்படிதான். மார்ச் 23 அன்று பாராளுமன்றமே, தன் அதிகாரத்தை அவர் கையில் எழுதிக் கொடுத்தது. அதற்குள் கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள், கட்டடத்தைச் சுற்றிலும் அவருடைய படை. ஆதரவு 444, எதிர்ப்பு 94. அந்த 444 பேரில் பயந்தவன் எத்தனை பேர், உன்னைப்போல "ஒரே மாதத்தில் சரியாகிவிடும்" என்று மனதார நம்பியவன் எத்தனை பேர்? இதை உன்னைக் குத்துவதற்காகக் கேட்கவில்லை.

நான் கத்தும்போதெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வை என்று அந்தப் பையனிடம் சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் மூன்று. ஐந்து என்று நெட்டையன் பந்தயம் கட்டியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நான் போனை வைத்தபோது நீ சிங்கப்பூரைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தாய். அதை முதலிலிருந்து சொல்.

உன்,
பழைய வாயாடி