காலாண்டு விடுமுறையில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு முடிந்து வெள்ளிக்கிழமை மதியத்தோடு பள்ளிக்கு விடுமுறை. விடைத்தாள்கள் பள்ளி திறந்த பிறகுதான் கைக்கு வரும். அதுவரை மதிப்பெண் கேட்டு யாரும் எனக்குப் போன் செய்ய வேண்டாம். இந்தக் கடிதம் வேறு விஷயத்துக்காக.

போன வாரம் சமூக அறிவியல் ஆசிரியை விடுப்பில் இருந்ததால் ஏழாம் வகுப்புக்கு நான் போனேன். "சித்தன்னவாசல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டதும் வகுப்பே ஒரே குரலில் "புதுக்கோட்டை மாவட்டம்!" என்றது. சரி, நேரில் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். ஐந்தாறு கைகள்தான் எழுந்தன. அதில் ஒருவன், "பஸ்ல போகும்போது போர்டைப் பார்த்திருக்கேன் சார்" என்றான். அதே வகுப்பில் ஊட்டியும் கொடைக்கானலும் போய் வந்தவர்கள் ஏராளம். சென்னையில் ஒரு மாலில் நகரும் படிக்கட்டில் ஏறி இறங்கிய கதையை ஒரு மாணவி பத்து நிமிடம் சொன்னாள்.

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. "உங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் முதலில் உதட்டைப் பிதுக்குவது நாம்தான், நானும் சேர்த்து. 2024-ல் புதுக்கோட்டை மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று கேட்டால் இன்னமும் நமக்குப் பதில் தெரிவதில்லை. என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதற்கு லீவு எடுக்க வேண்டாம், கடன் வாங்க வேண்டாம். ஒரு பஸ், ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு தூக்குவாளி தயிர்சாதம் போதும்.

சித்தன்னவாசலில் இருந்தே தொடங்குகிறேன். அன்னவாசல் போகிற சாலையில், நம் ஊரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். சாதாரண டவுன் பஸ்ஸில் போனால் அம்மாக்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. அறிவர் கோயில் என்கிற அந்தச் சின்னக் குகைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் சுவரைத்தான் பார்ப்பார்கள். விதானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓவியமாக ஒரு தாமரைக் குளம் தெரியும். கொஞ்ச நேரம் கண் பழகியபின் ஒவ்வொன்றாக வெளியே வரும்: மீன், வாத்து, யானை, எருமை, அப்புறம் கையில் தாமரையோடு நிற்கிற ஆள். ஓவியம் நன்றாகவே மங்கிவிட்டது. பாடப்புத்தகத்தில் இருக்கிற பளிச்சென்ற படத்தை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். அதனால்தான் நின்று பார்க்க வேண்டும் என்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் நான் கூட்டிப்போன பையன்களில் ஒருவன், கழுத்து வலிக்கிறது என்று தரையிலேயே மல்லாந்து படுத்துவிட்டான். அதட்டலாம் என்று போனேன். படுத்தவாக்கிலேயே, "சார், அந்த எருமை நம்மளையே பார்க்குது" என்றான். அத்தனை முறை போயும் நான் அந்த எருமையைச் சரியாகப் பார்த்ததில்லை. அதட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.

உள்ளறையில் நின்று வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகிப் பாருங்கள். சரியான சுருதி கிடைத்தால் குகை முழுவதும் கூடவே முனகும். சின்னப் பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வெளியே ஒரு கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், இந்தக் கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று அது சொல்கிறது. ஆசிரியன் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம், நம் ஆள் என்று.

பெரிய பிள்ளைகள் என்றால் ஏழடிப்பட்டம் வரை ஏறுங்கள். மலையின் மறுபக்கம், பாறையில் கால் வைக்க வெட்டிய ஏழு குழிகளால் வந்த பெயர். மேலே சமண முனிவர்கள் படுத்த 17 கல்படுக்கைகள் இருக்கின்றன, தலையணை போன்ற மேட்டோடு. அதில் பெரிய படுக்கையில் தமிழ்-பிராமி எழுத்து. சுமார் இரண்டாயிரம் வருடத்து எழுத்தை இத்தனை கிட்டத்தில் நின்று பார்க்க வேறு எந்த ஊர்ப் பிள்ளைக்கு இவ்வளவு சுலபமாக வாய்க்கும்? பாறை சூடேறுவதற்குள், காலையிலேயே ஏறி இறங்கிவிடுங்கள்.

மழை வந்தால் திருக்கோகர்ணம் மியூசியம். 1910-ல் சமஸ்தானக் காலத்தில் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை, நான் ஒருமுறை நாற்பது பிள்ளைகளோடு வெள்ளிக்கிழமை போய் வாசலில் நின்றிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். பதப்படுத்தின விலங்குகளைப் பார்க்கத்தான் பிள்ளைகள் ஓடுவார்கள், ஓடட்டும். அப்புறம் மெதுவாக அம்மன் காசு இருக்கிற இடத்துக்குக் கூட்டி வாருங்கள். புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கென்று இருந்த குட்டிச் செப்புக்காசு, ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. நவராத்திரியில் அரிசியோடு இந்தக் காசையும் ஜனங்களுக்குக் கொடுத்தார்கள். உங்கள் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ பெட்டிக்குள் ஒன்றிரண்டு வைத்திருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள், நவராத்திரியும் கிட்டத்தில்தானே வருகிறது. பக்கத்திலேயே அந்த பிரகதாம்பாள் கோயில், அதன் நடுவில் பாறையைக் குடைந்த பழைய கோகர்ணேசுவரர் சன்னதி. ஒரே நடையில் முடிந்துவிடும்.

திருமயம் கோட்டையைப் பற்றி எழுதும்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது சிநேகிதர்களோடு அங்கே போய், ஒரு சுவரில் ஆணியால் என் பெயரையும் வகுப்பையும் கீறி வைத்தேன். 'பி' பிரிவு என்பதுகூட விடாமல். அன்றைக்குப் பெரிய வீரம். முப்பது வருடம் கழித்து என் மாணவர்களை அழைத்துப் போனபோது, ஒரு பெண் அதை வாசித்துவிட்டு, "சார், உங்க பேரு!" என்றாள். "எத்தனையோ பேருக்கு இந்தப் பெயர்" என்று சமாளித்தேன். அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. 1687-ல் ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி கட்டிய சுவர் அது. உங்கள் பிள்ளைகள் பையில் ஆணி, கரித்துண்டு, மார்க்கர் பேனா எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருமயத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் ஒரே பாறையில் அடுத்தடுத்து குடைவரைக் கோயில்கள். புரட்டாசி சனிக்கிழமை பெருமாள் கோயிலில் கூட்டம் தாங்காது. கோட்டை பார்க்க வேறு நாளில் போங்கள். காமராசரின் அரசியல் குருவான சத்தியமூர்த்தி 1887-ல் பிறந்த ஊரும் இதுதான். கோட்டையின் உச்சியில் பீரங்கி இருக்கிறது. மேலே காற்று பலமாக அடிக்கும், சின்னவர்கள் கையை விடாதீர்கள்.

குடுமியான்மலைக்கு ஒரு கதையோடு போக வேண்டும். அரசனுக்குக் கொடுத்த பிரசாதப் பூவில் தலைமுடி இருந்ததாம். மாட்டிக்கொண்ட அர்ச்சகர், "சாமிக்கே குடுமி உண்டு" என்று சொல்லிவிட்டாராம். அரசன் போய்ப் பார்த்தால் லிங்கத்தில் நிஜமாகவே குடுமி! கதையைச் சொல்லிவிட்டு, மலைச் சரிவில் இருக்கிற இசைக் கல்வெட்டுக்குக் கூட்டிப் போங்கள். ஏழாம் நூற்றாண்டில் பாறையில் சுரங்களை எழுதி வைத்திருக்கிறார்கள். பாட்டு கற்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கட்டாயம் காட்டுங்கள்.

நார்த்தாமலையில் விஜயாலய சோழீசுவரம் என்கிற பழைய சிவன் கோயில் வரை பாறைமேல் நடக்கிற நடையே போதும், ஒரு நாளைக்கு. விராலிமலையில் மயில், விடிகாலையோ அந்தி நேரமோ போனால்தான் தென்படும். தின்பண்டப் பையை மட்டும் வெளியே காட்டாதீர்கள், குரங்குகள் கேட்டு வாங்குகிற பழக்கம் இல்லாதவை.

இனி கண்டிப்பான ஒரு விஷயம். கைவிட்ட கல்குவாரிக் குழிகளிலும் கண்மாய்களிலும் மழைத் தண்ணீர் நிற்கிற காலம் இது. நீச்சல் தெரிந்த பிள்ளையாக இருந்தாலும் பெரியவர்கள் இல்லாமல் இறங்கக் கூடாது. குவாரிக் குழியில் யாருமே இறங்கக் கூடாது. ஓரத்திலேயே ஆழம், ஏறி வரப் பிடிமானமும் இருக்காது. "சிநேகிதன் வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பினால் எந்தச் சிநேகிதன், எந்தத் தெரு என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் ஹெச்.எம். கேட்கச் சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

விடுமுறைக்கு வீட்டுப்பாடம் கிடையாது. பார்த்த இடத்தைப் பற்றிக் கட்டுரை, படம் ஒட்டின சார்ட் எதுவும் கேட்கப் போவதில்லை. ஆசிரியர்களிடமும் சொல்லிவிட்டேன். கட்டுரை எழுத வேண்டும் என்று தெரிந்தால் பிள்ளை எருமையைப் பார்க்காது, தகவல் பலகையைத்தான் பார்த்து எழுதும்.

வேலை காரணமாக எங்கேயும் கூட்டிப்போக முடியாதவர்கள் பலர் இருப்பீர்கள், எனக்குத் தெரியும். விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் சித்தன்னவாசல் பஸ் நிறுத்தத்தில் இருப்பேன். தமிழாசிரியையும் வருகிறார். பிள்ளைகளோடு பெரியவர்கள் யாராவது ஒருவர் வர வேண்டும். அக்கா, சித்தப்பா, பக்கத்து வீட்டுப் பாட்டி யாரானாலும் சரி. பள்ளி வேன் கிடையாது. தொல்லியல் துறை டிக்கெட் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இல்லை. தொப்பியும் தண்ணீரும் கொண்டு வாருங்கள். சாப்பாடு அவரவர் கட்டிக்கொண்டு வர வேண்டும்; எலுமிச்சை சாதம் கூடுதலாகக் கொண்டு வருகிறவர்கள் என் பக்கத்தில் உட்காரலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்